விடியலைப் படமெடுக்க என்ன வாங்க வேண்டும்? – கேள்வி-பதில்

கேள்வி: சூரிய உதயத்தை எடுத்தால் வானம் வெளுக்கிறது, அல்லது தரை கறுத்துவிடுகிறது. பல எக்ஸ்போஷர்களை (ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை) இணைக்கப் புதிய கேமரா வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கேமராவில் பிராக்கெட்டிங் (ஒளியளவை மாற்றிப் பல படங்களைத் தானாகவே எடுக்கும்) வசதி இல்லாவிட்டாலும், மேனுவல் முறையில் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒன்றுக்கொன்று ஒளி நான்கு மடங்கு மாறும்படி) மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்தால் பெரும்பாலும் போதும்.

கேள்வி: ‘ஒரே சொடுக்கில் பல எக்ஸ்போஷர் தரம்’ என்ற விளம்பரத்தை நம்பி பிரீசெட் தொகுப்பு வாங்கினேன். சூரியனைச் சுற்றிச் சாம்பல் திட்டுதான் வருகிறது. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

பதில்: தவறு உங்களுடையது அன்று. பிரீசெட் என்பது ஒரு படத்தின் ஒளியையும் நிறத்தையும் மாற்றுவதற்காகச் சேமித்து வைத்த அமைப்புகளே தவிர, வேறொன்றும் இல்லை. சென்சாரில் ஒளி நிரம்பி வழிந்த இடத்தில் எந்த விவரமும் பதிவாகாததால், அதை எவ்வளவு இருட்டாக்கினாலும் சாம்பல்தான் மிஞ்சும். அந்த விவரம் குறைந்த எக்ஸ்போஷரில் எடுத்த இன்னொரு படத்தில்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டே விற்பவர்கள் மீது எனக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. இதில் விற்பதற்கான இரகசியம் எதுவும் இல்லை: பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார், 2007இல் வெளியான ‘எக்ஸ்போஷர் ஃபியூஷன்’ முறைப்படி, ஒவ்வொரு படத்திலும் நன்கு பதிவான பகுதிகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்து இணைக்கும் என்ஃப்யூஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. விளம்பரத்தின் திரைப்பிடிப்பைப் பத்திரப்படுத்தி, ‘பிடிக்கவில்லை’ என்று எழுதாமல், ‘விளம்பரத்தில் சொன்னதைச் செய்யவில்லை’ என்று விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறுத்தால், அட்டை வழியே பணம் செலுத்தியிருக்கும் பட்சத்தில், வங்கியிடம் உடனே ஆட்சேபம் எழுப்புங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.

கேள்வி: மலிவான முக்காலி காற்றில் ஆடுகிறது, மூன்று படங்களும் பொருந்தவில்லை. பெட்டியில் எழுதியிருந்த எடை வரம்பை நான் பார்க்கவில்லை. கடையில் சண்டை போடலாமா?

பதில்: கூடாது. வரம்பைத் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள், நீங்கள் படிக்கவில்லை.

கேள்வி: இணைக்கும் வேலையே வேண்டாம் என்று கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கருமையாக இருந்து வானத்தின் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) வாங்கலாமா?

பதில்: அடிவானம் நேர்கோடாக இருக்கும் கடற்கரையில் வாங்கிய பணத்துக்கு அது பயன் தரும், அலைகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி, இணைத்தபின் நிழலுருவாகத் தெரியும் தொல்லையும் இராது. மலையும் மரமும் வானத்துக்குள் நீண்டிருந்தால் அவற்றின் உச்சியையும் ஃபில்டர் இருட்டாக்கிவிடும் என்பதால், அங்கே இணைப்பதே மேல். நான் ஒருமுறை விலை குறைவு என்பதற்காக ஒரு தொகுப்பை வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்து, திருப்பியனுப்பும் கெடு முடிந்த பிறகு அந்திவானத்தில் பயன்படுத்தியபோது, மேகங்கள் எல்லாம் ஊதா நிறமாயின. சாயம் மேல்பாதியில் மட்டும் இருந்ததால், வொயிட் பேலன்ஸை (படம் முழுவதன் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றியும் படங்களைச் சீராக்க முடியவில்லை. ஆகவே ஃபில்டர் வந்த அன்றே, வொயிட் பேலன்ஸை மாற்றாமல், ஒரு வெள்ளைத் தாளை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சாம்பலைத் தவிர வேறு நிறம் தெரிந்தால் அன்றைக்கே திருப்பியனுப்புங்கள்.