படித்துறை வழுக்கல் முதல் பால் கேன் வரை: உயிர்ப்படலம் பற்றிக் கேள்வி பதில்

தண்ணீர்த் தொட்டி வழுவழுப்பைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முப்பது வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியோடு இருந்தவன் நான். தெரிந்தவரை சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கிறோம். மாதம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறோம். பத்தே நாளில் உட்சுவர் மறுபடி வழுவழுவென்று ஆகிவிடுகிறது. பவுடர் சரியில்லையா?

பவுடர் சரியாகத்தான் இருக்கும் தங்கச்சி. சுவரைத் தேய்க்காமல் ஊற்றியதுதான் கோளாறு.

அந்த வழுவழுப்புக்குப் பெயர் உயிர்ப்படலம். ஆய்வுக்கூடத்தில் பயோஃபிலிம் என்போம். தண்ணீரில் தனியாக நீந்தும் பாக்டீரியா ஒரு பரப்பைத் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொள்ளும். காய்ந்த எடையில் பார்த்தால், பெரும்பாலான படலங்களில் உயிரணுக்கள் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மீதியெல்லாம் பசை. குளோரின் மேலே உள்ள பசையோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது, அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன. செத்துப்போனவற்றின் பசையும் சுவரிலேயே கிடப்பதால், புதிதாக வருபவற்றுக்குக் கட்டின வீடு கிடைத்த மாதிரி ஆகிறது.

அதனால் முதலில் தொட்டியைக் காலி செய்து, தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ மூலை, மூடியின் உள்பக்கம், குழாய் வாய் எல்லாம் தேய்த்துக் கழுவி வெளியே விடுங்கள். கம்பி நார் வேண்டாம். கீறல் விழுந்தால் அந்தக் கீறலில்தான் முதலில் ஒட்டும். அப்புறம் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, 150 கிராம் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வீட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடிவிட்டு, இரவு முழுக்க விடுங்கள். காலையில் அத்தனையையும் வெளியேற்றி, ஒருமுறை அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். இரவு நின்ற தண்ணீரைக் குடிக்கவோ செடிக்கு ஊற்றவோ கூடாது.

கேள்வி (திருநெல்வேலி நகர்): நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு, சார். புராஜெக்டுக்கு உயிர்ப்படலம் எடுக்க ஆசை. எங்கள் கல்லூரியில் பெரிய கருவி எதுவும் இல்லை. தாமிரபரணியை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம் தம்பி. எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்ததே ஆற்றில் தொங்கவிட்ட கண்ணாடித் துண்டால்தான்.

நுண்ணோக்கிக்குப் பயன்படுத்தும் சாதாரணக் கண்ணாடிச் சில்லுகளை ஒரு மரச் சட்டத்தில் செருகி, தூண்டில் நரம்பால் கட்டி, ஒரு சட்டத்தை ஊருக்கு மேலே தெளிந்த ஓட்டத்திலும், இன்னொன்றைச் சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேயும் முழங்கால் ஆழத்தில் விட்டேன். தினம் ஒரு சில்லை எடுத்துப் பார்ப்பேன். முதல் நாள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. லென்சுக்கு அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குச்சி போன்ற பாக்டீரியா. மூன்றாம் நாள் அவை கும்பல் கும்பலாகக் கூடி, நடுநடுவே தண்ணீர் ஓடச் சந்து விட்டிருந்தன. ஏழாம் நாள் மேல்சட்டத்துச் சில்லில் விரலை வைத்தால் வழுக்கியது. நிறம் பழுப்புப் பொன். உள்ளே பார்த்தால் சின்னச் சின்ன ஓடங்களைப் போல டயட்டம் பாசிகள், சில மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. கீழ்ச்சட்டத்துச் சில்லில் பொன் நிறமே இல்லை. சாம்பல் நிறத்தில், நனைந்த பஞ்சுத் திரியைப் போல நூல் நூலாகத் தொங்கியது. அது ஸ்பேரோடிலஸ் என்ற நூல் பாக்டீரியா. ஓடுகிற தண்ணீரில் கழிவு அதிகமாகக் கலந்தால் வரும். ஒரே ஆறு, ஒரே வாரம். அந்த இரண்டு சில்லுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனசே கனத்துப்போனது.

அளவிடவும் வழி இருக்கிறது. 96 குழித் தட்டில் உங்கள் பாக்டீரியாவை வளர்த்து, மிதப்பவற்றைக் கொட்டிக் கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றி, மறுபடி கழுவுங்கள். சுவரில் ஒட்டியவை மட்டும் ஊதாவாக நிற்கும். அந்தச் சாயத்தை எத்தனாலிலோ நீர்த்த அசிட்டிக் அமிலத்திலோ கரைத்து, நிறமானியில் 590 நானோமீட்டர் பக்கம் படியுங்கள். நிறம் எவ்வளவு அடர்த்தியோ படலமும் அவ்வளவு. சாயம் உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துக் காட்டாது என்பதை மட்டும் அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள். வைவாவில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி): செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்தால் இந்தப் படலம் வராதாமே?

செம்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, உண்மைதான். ஆனால் தண்ணீர் செம்பைத் தொட வேண்டும். உள்ளே களிம்பும் அழுக்கும் மூடிவிட்டால் செம்பு இருந்தும் பயனில்லை. ஆச்சிமார் புளி போட்டுத் தேய்ப்பது பளபளப்புக்கு மட்டுமில்லை. நீங்களும் தேயுங்கள்.

கேள்வி (மானூர்): அண்ணாச்சி, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். கொதிக்கிற வெந்நீர் ஊற்றித்தான் கேனைக் கழுவுகிறேன். ஆனாலும் வெயில் நாளில் பால் கெட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

எடுத்தவுடனே வெந்நீர் ஊற்றுவதுதான் வினை. பாலில் இருக்கிற புரதம் சூடு பட்டதும் கேன் சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து பால்கல் ஆகும். அந்தச் சொரசொரப்பில் படலம் சுகமாக உட்காரும். முதலில் பச்சைத் தண்ணீரில் பால் போக அலசுங்கள். அப்புறம் சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள், பிறகு நன்றாக அலசுங்கள். கடைசியாகக் கேனை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஈரம் காய்ந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

இன்னொன்று. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, நகத்தால் அதன் பள்ளத்தைச் சுரண்டி முகர்ந்து பாருங்கள். புளிச்ச வாடை வந்தால் திருட்டு அங்கேதான். ஒடுங்கின கேனாக இருந்தால் ஒடுக்குக்குள்ளும் பாருங்கள்.

கேள்வி (உடன்குடி): எங்கள் அப்பா பனையேறி. பதநீர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதும் இந்தக் கணக்கில் வருமா?

வராமல் என்ன? மண் கலயத்தின் சுவர் முழுக்க நுண்துளை. நேற்றைய இனிப்பு நீரில் வளர்ந்த ஈஸ்ட்டும், சைமோமோனாஸ் போன்ற பாக்டீரியாவும் அந்தத் துளைகளில் தங்கி இன்றைய நீரைப் புளிக்க வைத்துவிடும். சுண்ணாம்பு கரைந்தால் காரம் ஏறி அவற்றால் வேலை செய்ய முடியாது. பதநீர் பதநீராகவே இறங்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் கருப்பட்டியின் ருசி மாறும், குறைந்தாலும் பதநீர் புளிக்கும். அப்பா விரலால் தடவுகிற அந்த அளவைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதி வையுங்கள் தம்பி. அது அவருடைய ஐம்பது வருஷ ஆராய்ச்சி.

கேள்வி (ராதாபுரம்): சொட்டுநீர்க் குழாய் அடிக்கடி அடைக்கிறது. திறந்து பார்த்தால் செம்மண் குழம்பு மாதிரி ஒன்று. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். விதைக்குப் போடச் சொல்கிற சூடோமோனாஸும் பாக்டீரியாதானே? அதுவும் அடைக்காதா?

அது செம்மண் இல்லை, இரும்புப் பாக்டீரியா. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கிப் பசையோடு சேர்த்துக் கட்டும். வாரம் ஒருமுறை பக்கக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை வேகமாக ஓட விடுங்கள். வடிகட்டியைத் திருப்பி அலசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குளோரின் மருந்து, உப்புப் படிவுக்கு அமிலம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாளியில் கலந்தே விடாதீர்கள். விஷ வாயு கிளம்பும், உயிருக்கு ஆபத்து.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் விஷயம் நல்ல கேள்வி. அது பயன்தருவதே படலம் கட்டுவதால்தான். வேரின்மேல் படர்ந்து இடம் பிடித்துக்கொள்ளும். நோய்ப் பூஞ்சைக்கு உட்கார இடமும் தீனியும் இல்லாமல் செய்யும். கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு. ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள். குழாயில் விடுவதாக இருந்தால் விட்டபின் வெறும் தண்ணீர் ஓட்டிவிடுங்கள். குளோரின் விட்ட நாளில் இதை விடுவது வீண்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. மருந்து சாப்பிட்டதும் காய்ச்சல் விடுகிறது, இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது. குழாயும் அடைத்துக்கொள்கிறது. மருந்து தீரத்தீர நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா?

அந்த வேலை மட்டும் வேண்டாம் தாயி. குழாயின் உட்பரப்பில் படலம் கட்டியிருக்கலாம். படலத்துக்குள் இருக்கிற பாக்டீரியாவைக் கொல்ல, தனியாக மிதப்பதற்குத் தேவையானதைவிடப் பத்து முதல் ஆயிரம் மடங்குவரை மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவு மருந்தை உடம்பு தாங்காது. மாத்திரை, மிதப்பதைக் கொன்று காய்ச்சலை இறக்கும், குழாயில் ஒட்டியது அப்படியே இருக்கும். அடைப்புக்கு அடிக்கடி காரணம் புரோட்டியஸ் என்ற பாக்டீரியா. சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். காரம் ஏறியதும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் கல்லாகப் படியும். மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: குழாயை மாற்றிவிட்டு மருந்து தொடங்கலாமா, குழாய் இன்னும் தேவைதானா? வீட்டில், பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): ஆலையில் குழாய் பொருத்தும் ஒப்பந்த வேலை. புது ஸ்டெயின்லெஸ் குழாயில் வெல்டிங் ஓரமாக ஊசித்துளை விழுகிறது. தரம் குறைந்த இரும்பு என்று சண்டை நடக்கிறது.

சண்டைக்கு முன்னால் ஒன்று விசாரியுங்கள். கசிவுச் சோதனைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள், அது எத்தனை நாள் உள்ளே நின்றது? கிணற்று நீரோ கடல்நீரோ வாரக்கணக்கில் தேங்கினால் வெல்டிங் ஓரச் சொரசொரப்பில் படலம் கட்டும். படலத்தின் அடியில் ஆக்சிஜன் போகாது. அங்கே சல்பேட்டை உடைக்கும் பாக்டீரியா குடியேறி உலோகத்தைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். துளைக்குப் பக்கத்தில் கறுப்புப் படிவு இருந்து, அதில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அழுகின முட்டை நாற்றம் வருகிறதா என்று திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள். வந்தால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்த முறை சோதனை முடிந்த கையோடு வடித்து உலர்த்திவிடுங்கள்.

கடல்நீரால் குளிர்விக்கும் ஆலைகளில் வேறொரு நஷ்டமும் உண்டு. படலம் ஏறக்குறைய தண்ணீர் அளவுக்குத்தான் வெப்பத்தைக் கடத்தும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் படலம், இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேலான ஸ்டெயின்லெஸ் சுவருக்குச் சமமாக வெப்பத்தைத் தடுக்கும். பஞ்சு ரப்பர் உருண்டைகளைக் குழாய்க்குள் ஓடவிட்டுத் துடைப்பது அதற்காகத்தான்.

கேள்வி (முக்கூடல்): எல்லாம் கெடுதலாகவே சொல்கிறீர்களே. இதை வைத்து ஆற்றைச் சுத்தம் பண்ண முடியாதா?

முடியும், சொல்லப்போனால் ஆறு இன்னும் உயிரோடு இருப்பதே இதனால்தான். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து 8,600 பேர் இறந்தார்கள். எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்த ஊர் அது. அதற்கும் கீழே, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த அதே ஆற்றுத் தண்ணீரை எடுத்த பக்கத்து ஊரான ஆல்டோனா பெருமளவு தப்பித்தது. காரணம், மெதுவாக வடியும் மணல் படுகை. மணலின் மேலடுக்கில் கட்டுகிற உயிர்ப்படலம்தான் கிருமியைப் பிடித்துத் தின்றது.

நம் தாமிரபரணிப் படுகையில் உறைகிணறு போட்டு ஊர் ஊராகக் குடிதண்ணீர் எடுக்கிறோமே, அங்கே மணல் செய்கிற வேலையும் இதேதான். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் ஒரு படலம். ஒரு லாரி மணல் போனால் ஒரு லாரி வடிகட்டி போகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

சாக்கடைக்கும் வழிகள் இருக்கின்றன. கருங்கல் ஜல்லியின்மேல் கழிவுநீரைத் தெளித்து வழியவிடுவது பழைய முறை. பிளாஸ்டிக் வில்லைகளைத் தொட்டியில் சுழலவிட்டு அவற்றின்மேல் படலம் வளர்ப்பது பின்னால் வந்தது. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், எதிலும் ஒட்டாமல் படலத்தையே சிறு மணிகளாக உருட்டி வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். மணியின் வெளிப்பக்கம் காற்று உண்டு, அங்கே அமோனியா நைட்ரேட்டாக மாறும். உள்ளே காற்று இல்லை, அங்கே நைட்ரேட் வெறும் நைட்ரஜனாகிப் பறந்துவிடும். இரண்டு தொட்டி வேலை ஒரே மணியின் உள்ளே நடக்கிறது.

கேள்வி (தென்காசி): இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

தானே செய்த நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் பார்த்த டச்சுக்காரர் லேவன்ஹூக் 1683-ல் தன் பல் ஊத்தையைச் சுரண்டிப் பார்த்து எழுதினார். பாக்டீரியா இயற்கையில் பெரும்பாலும் ஒட்டித்தான் வாழ்கிறது என்று 1978-ல் காஸ்டர்ட்டன் என்பவர் அழுத்திச் சொன்னபிறகு இது தனித் துறையானது.

கேள்வி (குறுக்குத்துறை): படித்துறையில் எங்கள் பெரியம்மா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். படியில் சுண்ணாம்போ பிளீச்சிங்கோ கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். மீனும் நத்தையும் சாகும், படலமோ ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். மிக மோசமாக வழுக்குவது தண்ணீருக்குள் இருக்கிற படி இல்லை. அலை நனைத்து நனைத்து விடுகிற, தண்ணீர் மட்டத்துப் படிதான். பார்க்கப் பச்சை இருக்காது, கல் நிறத்திலேயே பழுப்பாக இருக்கும், அதனால் ஏமாந்துவிடுவோம். நாலு பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் ஆற்று மணலைத் தூவி, தென்னை விளக்குமாற்றின் அடிக்கட்டையால் அந்த ஒரு படியை அழுத்தித் தேய்த்துவிட்டால் போதும். தண்ணீர் இறங்க இறங்க, தேய்க்கிற படியும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க வேண்டும். பெரியம்மா கை கூடி வந்தபிறகும் கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இறங்கட்டும்.