பொறியாளரின் வேலையை எதை வைத்து மதிப்பிடுவது?

டீம் லீடாக முதல் அப்ரைசல் எழுதப் போகிறேன், யாருக்கு என்ன ரேட்டிங் கொடுப்பது என்றே புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை டிக்கெட் (ஒதுக்கிய வேலை) முடித்தார், எத்தனை வரி நிரல் எழுதினார் என்ற கணக்கில் மட்டும் தொடங்காதீர்கள். 1982-ல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில், எழுதிய நிரல் வரிகளை வாராவாரம் படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். அந்தக் குழுவின் பொறியாளர் பில் அட்கின்சன் அப்போதுதான், திரையில் படம் வரையும் குவிக்டிரா என்ற மென்பொருளின் ஒரு பகுதியைத் திருத்தி, வேகத்தையும் கூட்டி, சுமார் 2,000 வரிகளைக் குறைத்திருந்தார். படிவத்தில் -2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

நான் முதலில் பார்ப்பது, கெட்ட செய்தியை ஒருவர் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார் என்பதை. என் டீமில் ஒருவர் பணம் செலுத்தும் பகுதியை எழுதினார். டெஸ்டிங் முடிந்து, டெமோவில் பாராட்டும் வாங்கியாகிவிட்டது. அப்புறம் அவரே வந்து, "வங்கியின் பதில் தாமதமானால் நம் சிஸ்டம் மறுபடி கோரிக்கை அனுப்புது. கஸ்டமருக்கு ரெண்டு தடவை பணம் போயிடும். ரிலீஸைத் தள்ளி வைங்க" என்றார். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே அனுப்பும்படி மாற்றினார். ரிலீஸ் தள்ளிப்போனது மேலே எல்லாருக்கும் தெரிந்தது. அவர் தடுத்த நஷ்டம் எந்த டாஷ்போர்டிலும் வரவில்லை. அதை அன்றே தேதியோடு குறித்து வைப்பது லீடின் பொறுப்பு. மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரிக்கு முந்தையது எதுவும் ஞாபகம் வராது.

ராத்திரி வரை ஆபீஸில் இருப்பதை நான் உழைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருவர் லீவில் போனால் வேலை நிற்கிறதா, ஜூனியர்கள் சந்தேகம் கேட்க யாரைத் தேடிப் போகிறார்கள், யார் எழுதிய பகுதி பழுதாகி நடுராத்திரியில் போன் வருகிறது, இவற்றைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் கம்பெனியில் பெல் கர்வ், அதாவது ஒவ்வொரு ரேட்டிங்கும் இத்தனை பேருக்குத்தான் என்று முன்பே பங்கு வகுக்கும் முறை, இருந்தால் கொஞ்சம் சிரமம்தான். டீமில் யாரையாவது கீழே தள்ளியே ஆக வேண்டும் என்றால், பக்கத்து சீட்காரருக்கு யார் உதவுவார்கள்? மைக்ரோசாஃப்டே 2013-ல் அந்த முறையைக் கைவிட்டது. ரேட்டிங் இறுதி செய்யும் மீட்டிங்குக்கு, 'நன்றாக உழைப்பவர்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள்; அடுத்த பெயருக்குத் தாவிவிடுவார்கள். ஒருவருக்கு இரண்டு சம்பவமாவது கையில் இருக்கட்டும். அதற்கு முன் அவரையே கூப்பிட்டு, இந்த வருஷம் செய்ததில் எது முக்கியம் என்று கேளுங்கள். உங்கள் கண்ணில் படாத ஒன்றிரண்டு நிச்சயம் வரும்.