பேண்ட் டைரக்டர் ஆகணும் என்கிறான் மகன்: என்ன படிப்பு, எத்தனை வருடம்?

கேள்வி: டெக்சஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகன் 11-ஆம் வகுப்பு படிக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். ஏழு வயதிலிருந்து மிருதங்கமும் கற்றுக்கொள்கிறான். பல்கலைக்கழக பேண்டை நடத்துவதுதான் தன் வேலை என்று முடிவாகச் சொல்லிவிட்டான். எனக்கும் அவன் அப்பாவுக்கும் இந்தத் துறையில் ஒருவரையும் தெரியாது. இன்ஜினியரிங் படித்துக்கொண்டே இதையும் வைத்துக்கொள்ள முடியாதா? எத்தனை வருடம் ஆகும்? குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் வருமா? இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். "பதினொரு வயதுப் பிள்ளைகள் இருபது பேர், வாழ்க்கையில் முதல் தடவையாக கிளாரினெட்டைக் கையில் எடுக்கிறார்கள். அந்த வகுப்பை தினமும் நீ எடுப்பாயா?" அவன் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் யோசிக்கட்டும். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கு அவன் சொல்லும் பதில்தான் முக்கியம்.

ஏனென்றால், பல்கலைக்கழக பேண்டுக்குப் போகிற வழி பெரும்பாலும் பள்ளி வகுப்பறைக்குள்ளேதான் போகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு பேண்ட் டைரக்டர் வேலை காலியாகும்போது, விளம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பக்கத்திலேயே பள்ளியில் கற்பித்த அனுபவமும் அநேகமாகக் கேட்கப்பட்டிருக்கும். அந்த டைரக்டரிடம் படிக்கும் மாணவர்களில் நிறையப் பேர் பள்ளி பேண்ட் ஆசிரியர்களாகப் போகிறவர்கள். திங்கட்கிழமை காலை முதல் வகுப்பில் ரீட் (வாயில் வைத்து ஊதும் மெல்லிய நாணல் துண்டு) உடைந்துபோன பிள்ளையையும் அழுகிற பிள்ளையையும் சமாளித்துப் பழகாத ஒருவரால் அவர்களைத் தயார்படுத்த முடியாது. நானே 7 வருடம் நடுநிலைப் பள்ளியில் இருந்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனேன். இன்று நான் ஒத்திகையில் செய்கிற உருப்படியான காரியங்களில் பாதி அந்த 7 வருடத்தில் கற்றது.

வில்லியம் ரெவெல்லியின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1925-இல் இந்தியானா மாநிலத்தில் ஹோபார்ட் என்ற சிற்றூர்ப் பள்ளிக்கு இசை ஆசிரியராகப் போனார். அவர் கற்றது வயலின். பேண்ட் வாத்தியங்கள் அவருக்குப் புதிது. பக்கத்திலிருந்த சிகாகோவுக்குப் போய் வாத்தியம் வாத்தியமாகப் பாடம் கற்றுக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிற்றூர் பேண்ட் தேசியப் போட்டிகளில் திரும்பத் திரும்ப வென்றது. 1935-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1971 வரை அங்கேதான் இருந்தார். அமெரிக்காவில் பல்கலைக்கழக பேண்ட் என்றதும் இன்றும் சொல்லப்படுகிற பெயர்களில் ஒன்று அவருடையது. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பள்ளியில் உழைத்த 10 வருடங்கள்.

சரி, அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

வருடத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஆகஸ்டில் பேண்ட் கேம்ப்பில் தொடங்குவது மார்ச்சிங் பேண்ட். இலையுதிர்காலம் முழுக்க சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம்தான். 100 கெஜ மைதானத்தில் இருநூறு முந்நூறு பேர் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். ஐந்து கெஜத்துக்கு எட்டுக் காலடி என்பது வழக்கமான கணக்கு, அதாவது ஒரு காலடிக்கு 22½ அங்குலம். யார் எந்தத் தாளக்கணக்கில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் திட்டம் போட்டுத் தர வேண்டும். இதற்கென்றே கணினி மென்பொருள்கள் உண்டு. அது முடிந்ததும் கூடைப்பந்து ஆட்டங்களுக்குச் சின்ன பேண்ட். முனைவர் பட்டம் வாங்கி வருகிற இளைஞர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்து வேலைதான். உதவி டைரக்டர் பதவி, விளையாட்டு பேண்டுகளின் பொறுப்பு. வெயிலில் நிற்பதையும் வார இறுதிகள் போவதையும் உங்கள் மகன் இப்போதே பார்த்திருப்பான்.

வசந்த காலம் கச்சேரி பேண்டுக்கு உரியது. பல்கலைக்கழகங்களில் முதன்மைக் குழுவை இன்று விண்ட் என்சாம்பிள் என்றோ விண்ட் சிம்பனி என்றோ சொல்வார்கள். இந்த அமைப்புக்கு வழிகாட்டியவர் ஃபிரடெரிக் ஃபென்னெல். 1951-இல் கல்லீரல் அழற்சியால் மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவருக்கு இந்த யோசனை வந்தது: நூறு பேர் கூட்டமாக வாசிப்பதற்குப் பதில், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதிய வரிசையை ஒரே ஒருவர் வாசித்தால் என்ன? அடுத்த ஆண்டே ராச்செஸ்டரில் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் அப்படி ஒரு குழுவைத் தொடங்கினார். இந்த அமைப்புக்காக எழுதுங்கள் என்று கேட்டு 400 இசையமைப்பாளர்களுக்குக் கடிதம் போட்டார். பக்கத்தில் வாசிப்பவரின் பின்னால் ஒளிந்துகொள்ள அங்கே இடம் கிடையாது. உங்கள் மகன் கல்லூரிக்குப் போனால் முதல் வாரத்திலேயே அதை உணர்வான்.

கச்சேரிப் பக்கத்தில் பெற்றோர் கண்ணுக்குப் படாத உழைப்பு ஒன்று இருக்கிறது. அது ஸ்கோர் படிப்பது, அதாவது எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய இசையைச் சேர்த்து வைத்த பிரதியைப் படிப்பது. ஒரு பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். கிளாரினெட்காரர் தாளில் ஸி என்று இருப்பதை வாசித்தால் கேட்பது அதற்குக் கீழே உள்ள பி ஃப்ளாட். நம் கட்டைக் கணக்கில் சொன்னால், எழுதியிருப்பது ஒரு கட்டை, ஒலிப்பது ஆறரைக் கட்டை. அதே ஸி ஹார்னில் நாலு கட்டையாகவும் ஆல்டோ சாக்ஸபோனில் இரண்டரைக் கட்டையாகவும் ஒலிக்கும். ஃபுளூட்டும் ஓபோவும் எழுதியபடியே ஒலிக்கும். இதையெல்லாம் மனத்துக்குள் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, ஒத்திகைக்கு முன்பே அந்த இசையைக் காதில் கேட்டிருக்க வேண்டும். இதற்கு மணிக்கணக்கில் தனியாக உட்கார வேண்டும். பியானோ ஓரளவு தெரிந்தால் பாதிச் சுமை குறையும். அவனுக்குப் பியானோ தெரியாது என்றால் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.

அவன் மிருதங்கம் கற்றிருப்பதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சொற்கட்டு சொல்லிப் பழகிய பிள்ளைக்கு ஐந்தும் ஏழும் பயமில்லை. சிக்கலான தாளத்தை வாயால் சொல்லிக்காட்ட முடிகிற பேண்ட் டைரக்டருக்கு ஒத்திகை நேரம் நிறைய மிச்சமாகும். ஒரு பழக்கத்தை மட்டும் அவன் மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் தாளம் போடும்போது கை விழுகிற இடமும் தட்டு விழுகிற இடமும் ஒன்று. பேண்டுக்கு முன்னால் நிற்பவரின் கை அதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே பேசிவிட வேண்டும். வரப்போகிற ஒலி சத்தமா மெதுவா, அழுத்தமா மென்மையா என்பதெல்லாம் அந்த முன் அசைவில் தெரிய வேண்டும். ஊதுகிறவர்கள் மூச்சு எடுப்பது அங்கேதான். தாளம் நன்றாகப் போடுகிற நம் பிள்ளைகளுக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும். ஆறு மாதத்தில் பழகிவிடும்.

பெர்சி கிரெயிஞ்சர் 1937-இல் பேண்டுக்கு எழுதிய 'லிங்கன்ஷயர் போஸி'யில் ஐந்தாவது பகுதியில் சில இடங்களுக்குத் தாளக்கட்டே கிடையாது. அடுத்த ஒலி எப்போது வரும் என்பதை நடத்துகிறவரே அந்தக் கணத்தில் தீர்மானிக்க வேண்டும். மில்வாக்கியில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் எல்லாப் பகுதிகளையும் வாசிக்க முடியவில்லை, அவ்வளவு கடினம். விருத்தம் பாடுபவரைப் பின்தொடர்ந்து வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் அந்நியமாக இருக்காது. அவனைக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி இன்ஜினியரிங். இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா என்று எனக்கு எழுதும் தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். பேண்டில் வாசிப்பதற்கு இசைப் பட்டம் தேவையில்லை. எந்தப் பெரிய பல்கலைக்கழக மார்ச்சிங் பேண்டிலும் பாதிக்கு மேல் வேறு துறை மாணவர்கள் இருப்பார்கள், இன்ஜினியரிங் பிள்ளைகள் ஏராளம். இசை அவனுக்கு மகிழ்ச்சி தந்தால் போதும் என்றால் அது அருமையான வழி. ஆனால் அதையே தொழிலாகக் கொள்ள வேண்டுமென்றால் இசைக் கல்வியில் இளங்கலைப் பட்டம் படிக்க வேண்டும். அதில் சொந்த வாத்தியம், இசைக் கோட்பாடு, வரலாறு, பியானோ, பித்தளை வாத்தியங்கள், மரக்குழல் வாத்தியங்கள், தாளவாத்தியங்கள் என்று ஒவ்வொன்றாக வாசிக்கப் பழகும் வகுப்புகள், பேண்ட், கடைசிப் பருவம் முழுக்கப் பள்ளியில் பயிற்சி ஆசிரியர் வேலை எல்லாம் உண்டு. நாலு வருடத்தில் இதுவே நெருக்கிப் பிடிக்கும். கூடவே இன்ஜினியரிங்கும் என்றால் இரண்டும் அரைகுறையாகும். இன்ஜினியரிங் முடித்துவிட்டு டெக்சஸில் மாற்று வழியில் ஆசிரியர் சான்றிதழ் வாங்கலாம் என்பது உண்மைதான். அப்படி வந்தவர்களுக்கு முதுகலை கண்டக்டிங் (குழுவின் முன்னால் நின்று நடத்தும் கலை) தேர்வில் நிற்கத் தேவையான அடித்தளம் பெரும்பாலும் இருப்பதில்லை.

வருடக் கணக்கு இப்படி வரும். இளங்கலை 4 வருடம். அப்புறம் ஆசிரியர் சான்றிதழ் பெற்று, பள்ளியில் குறைந்தது 3 வருடம், என் கருத்தில் ஐந்தாறு வருடம். பிறகு விண்ட் கண்டக்டிங்கில் முதுகலை 2 வருடம், முனைவர் பட்டம் சுமார் 3 வருடம். பல்கலைக்கழகத்தில் காலூன்றும்போது வயது முப்பதைத் தாண்டி இரண்டு மூன்று ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் நிரந்தரப் பதவி உறுதியாக ஏறக்குறைய ஆறு வருடம் மதிப்பீட்டில் இருக்க வேண்டும்.

முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆள் எடுப்பது மிகக் குறைவு. மேடையில் நின்று பழகக் கிடைக்கும் நேரம் அளவானது என்பதால் நல்ல இடங்களில் ஆண்டுக்கு ஓரிருவரைத்தான் சேர்ப்பார்கள். ஒத்திகை நடத்துகிற வீடியோவை முதலில் அனுப்ப வேண்டும். அது பிடித்தால் நேரில் அழைத்து, அவர்கள் பேண்டின் முன்னால் நிறுத்திப் பார்ப்பார்கள். சேர்ந்துவிட்டால் உதவி ஆசிரியர் வேலையும் கட்டண விலக்கும் மாதப் பணமும் பொதுவாகக் கிடைக்கும். இவை எதுவும் தராத இடத்தில் கடன் வாங்கி இந்தப் படிப்பைப் படிக்க வேண்டாம். என் மாணவர்களிடமும் இதையே சொல்கிறேன்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, பள்ளி வேலையே கௌரவமான வாழ்க்கை தரும். உங்கள் பக்கத்து டாலஸ் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களில் புது ஆசிரியருக்கே வருடத்துக்கு 60,000 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. பேண்ட் ஆசிரியர்களுக்குக் கூடுதல் நாட்களுக்கும் பொறுப்புகளுக்கும் தனித்தொகை உண்டு. பெரிய உயர்நிலைப் பள்ளியின் தலைமை பேண்ட் டைரக்டர், சின்னப் பல்கலைக்கழகத்து உதவிப் பேராசிரியரைவிட அதிகம் சம்பாதிப்பது சகஜம். அரசுப் பல்கலைக்கழகச் சம்பளங்கள் பொது ஆவணம். டெக்சஸ் ட்ரிப்யூன் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். என் வார்த்தையை நம்புவதைவிட அதைப் பாருங்கள். பெரிய சங்கடம் வேறு. ஒரு பல்கலைக்கழகத்தில் பேண்டுக்கென்று இருப்பது இரண்டு மூன்று பதவிகள். யாராவது ஓய்வு பெற்றாலோ இடம் மாறினாலோதான் காலியாகும். கான்சாஸில் கிடைத்தால் கான்சாஸ், நெப்ராஸ்காவில் கிடைத்தால் நெப்ராஸ்கா. பெற்றோர் பக்கத்திலேயே பிள்ளை இருப்பான் என்று எண்ண வேண்டாம். முனைவர் பட்டத்தோடு பள்ளிக்கே திரும்பி நிறைவாக வாழ்கிறவர்களும் உண்டு. அதைத் தோல்வியாக அவனிடம் ஒருபோதும் பேசாதீர்கள்.

இந்தியாவிலிருந்து மேற்படிப்புக்கு வர நினைப்பவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். இசைப் பட்டத்துக்குப் பிறகு மாணவர் விசாவில் வேலை செய்ய 12 மாதம்தான் கிடைக்கும், அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கான நீட்டிப்பு இதற்குக் கிடையாது. ஹெச்-1பி குலுக்கலிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. நல்ல கிளாரினெட் ஆசிரியரிடம் தனிப்பாடம் தொடரட்டும். இளங்கலைச் சேர்க்கையில் அவன் கையில் பேட்டனை (பேண்டை நடத்துகிறவர் பிடிக்கும் சிறு கோல்) கொடுக்க மாட்டார்கள், கிளாரினெட்டைத்தான் கேட்பார்கள். மாநில அளவிலான மாணவர் பேண்டுக்கு ஆள் எடுக்கும் ஆல்-ஸ்டேட் தேர்வுக்கான எட்யூட்கள் (பயிற்சிப் பாடல்கள்) கோடையில் வெளிவரும், தேர்வு பெற்றாலும் பெறாவிட்டாலும் அந்தப் பயிற்சி கல்லூரித் தேர்வுக்கு அப்படியே உதவும். 12-ஆம் வகுப்பில் நேர்முகத் தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நடந்துவிடும். அதற்கு முன்பே, டென்டனில் உள்ள வட டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் போய் ஓர் ஒத்திகையை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், ஒருநாள் அங்கே கிளாரினெட் பேராசிரியரிடம் பாடமும் எடுக்கட்டும். டாலஸ் மேயர்சன் அரங்கில் டாலஸ் விண்ட்ஸ் குழு வாசிக்கும். குடும்பமாகப் போய்வாருங்கள்.

காதை மறக்காதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பு வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். பேண்ட் அறையில் தாளவாத்தியங்களுக்கு முன்னால் நாளெல்லாம் நிற்பவருக்கு அது சீக்கிரம் தீர்ந்துபோகும். என் இடது காதில் 40 வயதிலிருந்து இரைச்சல் இருக்கிறது. இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான்களை இப்போதே வாங்கிக்கொடுங்கள்.

கடைசியாக, வசந்த காலத்தில் டெக்சஸ் பள்ளிகளுக்கான யூஐஎல் போட்டியின் முதற்பார்வை வாசிப்பு நடக்கும்போது அவனுடைய பேண்ட் டைரக்டரைக் கூர்ந்து கவனிக்கச் சொல்லுங்கள். யாரும் பார்த்திராத பாட்டு. விளக்கச் சில நிமிடங்கள்தான். பிள்ளைகள் விரலை ஓட்டிப் பார்க்கலாம், ஊதக் கூடாது. அந்த நிமிடங்களில் அவர் எதை முதலில் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று வீட்டுக்கு வந்ததும் எழுதி வைக்கட்டும். பிறகு அவரிடமே போய், வாரத்தில் ஒருநாள் கீழ்வகுப்பு கிளாரினெட் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்கட்டும். ஒரு பருவம் அப்படிச் செய்துவிட்டு அவன் எப்படி வீட்டுக்கு வருகிறான் என்று பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.