டாங்க் என்றால் குளமா, தாங்கியா?

கிளிநொச்சிப் பக்கத்தில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்ந்தவன் நான். 'டாங்க்' என்ற ஒரே சொல்லைப் பற்றி இத்தனை கேள்விகள் வருமென்று நினைக்கவில்லை. வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

முறிகண்டி, உயர்தர மாணவி: சேர், 'நாங்கள் பின்னேரம் டாங்கில் குளிப்போம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். லண்டனில் இருக்கும் மச்சாள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பிழையா?

பிழையே இல்லை, பிள்ளை. மச்சாளின் கண்ணில் வந்தது கூரைக்கு மேல் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி. அதற்குள் குடும்பமாக இறங்கினால் யாருக்கும் சிரிப்பு வரும்தானே. ஆனால் இலங்கை, இந்திய ஆங்கிலத்தில் அணை கட்டி மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கிய குளமும் டாங்க்தான். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவுக்கு ஆங்கிலத்தில் 'இரணைமடு டாங்க்' என்றே பெயர்.

வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும் முதல் தடவை 'இரிகேஷன் ரிசர்வோயர்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் டாங்க் என்று எழுதுங்கள். 'லேக்' என்றால் தானாக உண்டான ஏரி என்று நினைப்பார்கள். 'பொண்ட்' சின்னக் குட்டை. இரணைமடுவைப் பொண்ட் என்று எழுதினால் அதை நம்பி விதைக்கிற கமக்காரர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

ஒட்டுசுட்டான், கமக்காரர்: அப்ப எது முதலில் வந்தது, குளமா தொட்டியா?

நீர் தேக்கிய இடம்தான் முதல் என்பது என் கட்சி. குஜராத்தி, மராத்தியில் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கு இதே ஒலியில் சொல் உண்டு. போர்த்துக்கீசரின் 'டாங்கே'யும் நீர்நிலைதான். அதன் வேர்ச்சொல்லுக்கு, ஓடும் நீரை மறிப்பது என்று பொருள். இரண்டும் ஆங்கிலத்தில் வந்து கலந்திருக்கின்றன. மறித்த நீர்! நம் முன்னோர் அலைகரை கட்டிச் செய்ததும் அதைத்தானே. எனவே குளத்தை டாங்க் என்பது நாட்டுப்புற ஆங்கிலம் என்று யாராவது மூக்கைச் சுளித்தால், பிளாஸ்டிக் தொட்டி நேற்று வந்தது என்று சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு, தாயார்: சண்டை வாகனத்துக்கு ஏன் அந்தப் பெயர்? மகன் கேட்கிறான்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அதை இரகசியமாகச் செய்தார்கள். செய்தி வெளியே கசியாமல் இருக்க, தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று கதை கட்டினார்கள். 1916 செப்டம்பர் 15இல் பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முதலாக இறங்கியது. இரகசியம் அன்றே போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் நாமும் தண்ணீர்த் தாங்கி, யுத்த தாங்கி என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். 'டாங்க்' நம் வாயில் 'தாங்கு' என்ற வினையோடு அழகாகப் பொருந்திவிட்டது. ஒன்று நீரைத் தாங்குகிறது. மற்றது எதைத் தாங்குகிறது என்று நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆனையிறவில் வீதியோரம் போர் நினைவுச்சின்னமாக வைத்திருப்பது டாங்க் அல்ல, இரும்புக் கவசம் போட்ட புல்டோசர்.

மாங்குளம், இளைஞர்: தண்ணி கொண்டுவரும் பவுசர்?

டாங்கர் என்பதும் அதுதான். பவுசர் என்பது எரிபொருள் பம்பு செய்த ஒரு அமெரிக்கரின் குடும்பப் பெயர். அமெரிக்காவில் போய் பவுசர் வரட்டும் என்றால் விளங்காது.

வவுனியா, வங்கி ஊழியர்: 'பங்கு விலை டாங்க்ட்' என்று செய்தியில் வாசித்தேன். நிரம்பியதா?

நேர் எதிர். தலைகுப்புற விழுந்தது. அமெரிக்கர் நீச்சல் குளத்தையும் முன்பு டாங்க் என்றார்கள். குத்துச்சண்டையில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழுவதை 'டாங்கில் இறங்கினான்' என்பார்கள். அறுவடை நேரத்து நெல் விலைக்கு இந்தச் சொல் கச்சிதம். ஆனால் 'டாங்க் அப்' என்றால் எண்ணெய் நிரப்புவது. 'திங்க் டாங்க்' ஆய்வாளர் குழு.

பாண்டியன்குளம், ஆசிரியை: 'வவுனிக்குளம் டாங்க்' என்றால் குளம் இரண்டு தரம் வருகிறதே?

வருகிறது, ரீச்சர். இடப்பெயர் என்றால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். மன்னாரில் இன்னும் வேடிக்கை: கட்டுக்கரைக் குளம் ஆங்கிலத்தில் 'ஜயன்ட்ஸ் டாங்க்', அரக்கன் குளம்!

அதே ஆசிரியை: 'குளம் வான் பாயுது', அதாவது நிரம்பி வழியுது என்பதற்கு?

'த டாங்க் இஸ் ஸ்பில்லிங்.' இங்கே எல்லோருக்கும் விளங்கும். ஒரு மார்கழியில் சந்தோசத்தில் கனடாவில் பிறந்த மருமகனுக்கு இதை அப்படியே அனுப்பினேன். நடுச்சாமத்தில் போன் அடித்து எழுப்புகிறான்: "மாமா, முதல்ல மோட்டரை நிப்பாட்டுங்கோ!"