மஹிந்திரா தார் ஜீப்பில் விழுந்த முள் கீறல்களை வீட்டிலேயே போக்க முடியுமா?

கேள்வி: கருப்பு நிறத் தார் வைத்திருக்கிறேன். கண்மாய்க்கரை வழியாகத் தோட்டத்துக்குப் போய்வந்ததில் இரண்டு பக்கக் கதவிலும் கருவேல முள் இழுத்த நீளக் கோடுகள். ஒரு கதவின் கீழ் ஓரத்தில் தகரமே தெரிகிறது. பட்டறையில் கேட்டால் இரண்டு பக்கமும் முழுசாகப் பெயின்ட் அடிக்கணும் என்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

முடியும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முழுப் பக்கமும் அடிக்கத் தேவை இருக்காது. ஆனால் இதில் இரண்டு வேலை இருக்கிறது, அவற்றைக் கலக்காதீர்கள். கதவில் ஓடும் நீளக் கோடுகள் கண்ணுக்குத்தான் உறுத்தல். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. தகரம் தெரியும் இடம் அப்படியில்லை. அதை இந்த வாரமே மூடுங்கள். நானும் சிவகங்கைப் பக்கம்தான். முள்ளுக்குள் புகுந்து வரும் வண்டியை வைத்துக்கொண்டு பளபளப்பைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, துருவைக் கவனிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ஐப்பசி மழை போதும், பெயின்டுக்கு அடியில் துரு ஊர்ந்து குமிழ் குமிழாகக் கிளம்பிவிடும்.

வேலையில் இறங்கும் முன் எதன்மேல் கை வைக்கிறோம் என்று தெரிய வேண்டும். தகரத்தின் மேல் முதலில் துரு தடுக்கும் அடிப்பூச்சு இருக்கும். தொழிற்சாலையில் வண்டிக் கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் படிய வைப்பது அது. அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். இதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பெயின்டைத் தேய்த்து மட்டம் செய்யும் பசையான ரப்பிங் காம்பவுண்டு போட்டால் கீறல் நிரம்பிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்தான் அதன் ஆழத்துக்குத் தேய்ந்து இறங்குகிறது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் செலவாகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தப் பூச்சுதான். ரொம்ப மெலிந்துவிட்டால் சில வருஷத்தில் வெளுத்து உரிய ஆரம்பிக்கும், அப்போது பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் வாராவாரம் முள்ளுக்குள் போகும் வண்டியில் ஒவ்வொரு கோட்டையும் துரத்திப் போக்க நான் சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து செய்தால் போதும்.

முதல் வேலை கழுவுவது. கருவேலங்கிளை உரசிய கோடுகளில் நிறைய கீறலே கிடையாது. பட்டையும் பிசினும் பெயின்டின் மேல் ஒட்டிய கறை. தண்ணீரை வேகமாக அடித்து மண்ணை முழுக்க இறக்கிவிட்டு, ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மண் இருக்கும்போதே துணி வைத்தால் அந்த மணலே வாட்டர் பேப்பராகிவிடும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). கழுவிய பிறகும் நிற்கும் கோட்டின் மேல், ரோட்டுத் தார்க்கறை நீக்கும் திரவத்தை மென்மையான மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒற்றித் துடையுங்கள். ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டியான கிளே பார் கிடைத்தால் சோப்புத் தண்ணீர் தெளித்து அதை மெல்ல ஓட்டுங்கள். பாதிக் கோடுகள் இதிலேயே போய்விட்டால் ஆச்சரியப்படாதீர்கள். இன்னொன்று, நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. கழுவிய வண்டியை வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், கருப்பு வண்டியில் அது கீறலைவிட அசிங்கமாகத் தெரியும். கழுவிய கையோடு ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மிச்சம் நிற்கும் கோடுகளை ஆழம் பார்க்கணும். கோட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் காம்பவுண்டு போதும். லேசாகத் தடுத்தால் கோடு முழுசாகப் போகாது, மங்கும். நகம் உள்ளே இறங்கி நின்றால், அல்லது கோட்டுக்குள் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால், பிரைமர் வரை போய்விட்டது என்று அர்த்தம். அதைத் தேய்ப்பது வீண், கீறலுக்குள் மட்டும் பெயின்ட் வைக்கும் டச் அப்தான் வழி. உள்ளே பளிச்சென்று உலோகமோ செம்மண் நிறமோ தெரிந்தால் தகரம்.

காம்பவுண்டு போடுவதற்கு நிழல் வேண்டும். தகரம் கையில் சுடக்கூடாது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் காம்பவுண்டை வைத்தால் நிமிஷத்தில் பொடியாகி, அந்தப் பொடி புதுசாகக் கோடு போடும். அதிகாலைதான் சரியான நேரம். கடையில் காம்பவுண்டு ஒன்றும், அதைவிட நைசான பாலிஷ் ஒன்றும் வாங்குங்கள். நல்ல கம்பெனிப் பொருளாக இருந்தால் சரி, எது என்பது பெரிய விஷயமில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி இடம் மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் நைஸ் பாலிஷைப் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் மட்டும் காம்பவுண்டுக்கு வாருங்கள். நுரைப் பஞ்சில் பட்டாணி அளவு மூன்று நான்கு பொட்டு வைத்து, மிதமாக அழுத்தி, கோட்டுக்குக் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். கையால் செய்தால் ஒரு இடத்துக்கு ஐந்தாறு நிமிஷம் பிடிக்கும். துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கோடு முக்கால்வாசி மங்கியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது என் பழக்கம். மிச்சக் கால்வாசிக்காகத் தேய்ப்பதில்தான் கிளியர் கோட் வீணாகிறது. காம்பவுண்டு போட்ட இடம் கருப்பு நிறத்தில் புகை படிந்த மாதிரி தெரியும். அதன் மேல் பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும்.

கதவின் மடிப்புக் கோடு, ஓரம், கைப்பிடிப் பள்ளம் இங்கெல்லாம் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் அடிப்பூச்சு தெரியும். அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

மெஷின் வாங்கலாமா என்றால், டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்கலாம். அது சுழன்றுகொண்டே ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது, பழகாத கைக்கும் பயமில்லை. இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷினில் பஞ்சு மாட்டிப் பாலிஷ் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றாலே பெயின்ட் வெந்துவிடும்.

நகம் லேசாகத் தடுக்கிற கோடுகளுக்கு வாட்டர் பேப்பர் உண்டு. நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். 3000 நம்பரில் தொடங்குங்கள், மிஞ்சிப்போனால் 2000. அதற்குக் கீழே பெயின்ட் பட்டறைக்குத்தான் வேலை. பேப்பரைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டபடியே கோட்டின் மேல் மட்டும் லேசாக ஓட்டுங்கள். வடியும் தண்ணீரைக் கவனிப்பது ரொம்ப முக்கியம். பால் மாதிரி வெளுப்பாக வந்தால் கிளியர் கோட்தான் தேய்கிறது. வண்டியின் நிறம் வர ஆரம்பித்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள், கிளியர் கோட் அங்கே முடிந்துவிட்டது. பழைய ஜீப், கிளியர் கோட் இல்லாமல் ஒரே பூச்சாக அடித்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் நிறம் துணியில் வருவது இயல்பு. முதல் தரம் செய்கிறவர்கள் பட்டறையில் கழித்துப் போட்ட ஏதாவது கதவில் பழகிவிட்டு வண்டிக்கு வந்தால் நல்லது.

இனி அந்தத் தகரம் தெரியும் இடம். வாகன நிறம் கலந்து கொடுக்கும் கடைகள் மதுரை மாதிரி ஊர்களில் இருக்கின்றன. வண்டியில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டைச் சொன்னால் அதே நிறத்தைச் சின்ன பாட்டிலில் தருவார்கள். சர்வீஸ் சென்டரிலும் டச் அப் பேனா கேட்டுப் பாருங்கள். துரு பிடித்திருந்தால் 400 நம்பர் பேப்பரைச் சின்னதாக மடித்து, கீறலுக்குள் மட்டும் சுரண்டுங்கள். சுற்றியிருக்கும் நல்ல பெயின்டைத் தொடாமலிருக்க டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். துருவைக் கறுப்பாக மாற்றி நிறுத்தும் ரஸ்ட் கன்வர்ட்டரை ஒரு சொட்டு வைத்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கணும், இல்லாவிட்டால் பெயின்ட் ஒட்டாது. முதலில் பிரைமர், அது காய்ந்ததும் நிறம், கடைசியில் கிளியர். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன். பல்குத்தும் குச்சியோ நுனி மெலிந்த ஓவியப் பிரஷோ வைத்து, கீறலுக்குள் மட்டும் இறக்குங்கள். ஒரே தடவையில் ரொப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் நிற்கும். மெல்லிசாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. கடைசியில் சுற்றுப்புறத்தைவிட முடியளவு மேடாக நின்றால் சரி. ஒரு வாரம் கழித்து 3000 பேப்பரில் மேட்டை மட்டம் செய்து பாலிஷ் போட்டால், கருப்பு மாதிரி நிறத்தில் இரண்டடி தள்ளி நின்றாலே கண்டுபிடிக்க முடியாது. சில்வர், சாம்பல் மாதிரி மினுமினுப்பு நிறங்களில் அந்த அளவுக்கு ஒட்டாது. புள்ளி தெரியத்தான் செய்யும். தெரிந்தாலும் துரு வராது, அதுதான் வேண்டியது. பெயின்ட் கைக்கு வர நாளாகும் என்றால் அதுவரை நிறமில்லாத நகப்பாலிஷைத் தடவி வையுங்கள். தற்காலிகம்தான், ஆனாலும் ஈரத்தைத் தடுக்கும். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு இந்தச் சின்ன வேலையை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்ப்ரே டப்பாவில் ஹார்டனர் கலந்து வரும் 2கே கிளியர் நன்றாக நிற்கும்தான். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் நடமாடும் வீட்டு வாசலில் அதை அடிக்கவே வேண்டாம்.

கருப்பு பிளாஸ்டிக் பாகங்கள், சக்கரத்தின் மேல் வளைவு, பக்கத்துப் பட்டை, இவற்றின் மேல் காம்பவுண்டு படக்கூடாது. சொரசொரப்புக்குள் வெள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், எடுக்கப் பழைய பல்துலக்கும் பிரஷும் சோப்பும் பொறுமையும் வேண்டும். அந்தப் பாகங்களில் விழுந்த கோட்டைத் தேய்த்துப் போக்க முடியாது. பிளாஸ்டிக்குக்குத் தடவும் டிரிம் டிரெஸ்ஸிங் தடவினால் மறைந்து நிற்கும், அவ்வளவுதான். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அடித்த வண்டி என்றால் எங்கேயும் பாலிஷ் போடாதீர்கள். தேய்த்த இடம் பளபளவென்று திட்டாகிவிடும், திரும்பப் பழைய மாதிரி ஆகாது.

பற்பசை, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டபிள்யூ டி 40 எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பற்பசையும் தேய்க்கும் பொருள்தான், நைசான கோட்டில் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் எந்த அளவுக்கு அறுக்கும் என்று கணக்கு வைத்துச் செய்ததல்ல. மற்றவை எண்ணெய்கள். கோட்டுக்குள் நிரம்பி ஒளியை ஏமாற்றும், இரண்டு தடவை கழுவினால் கோடு திரும்ப வந்துவிடும். டச் அப் வைக்கப்போகும் இடத்தில் இவற்றைத் தடவிவிட்டால் பெயின்டும் பிடிக்காது.

பட்டறைக்குப் போக வேண்டிய நேரமும் உண்டு. தகரம் ஒடுங்கியிருந்தால், துரு குமிழ் ஒரு ரூபாய் நாணயத்துக்கு மேல் போயிருந்தால், அல்லது கிளியர் கோட் திட்டுத் திட்டாக உரிந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. அப்போதும் அந்த ஒரு பேனலை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் போட நினைத்தால் முதலில் நோ கிளெய்ம் போனஸைக் கணக்குப் பாருங்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். நாலு கோட்டுக்காக அதை விடுவது நஷ்டம்.

எல்லாம் முடிந்ததும் கதவுகளுக்கு வாக்ஸ் ஒரு கை போட்டுவிடுங்கள். அடுத்த முறை பிசின் கறை சுலபமாகக் கழன்று வரும். டச் அப் வைத்த இடத்தில் மட்டும் ஒரு மாதம் கழித்துப் போடுங்கள், பெயின்ட் உள்ளே நன்றாக இறுகட்டும். தூசி படிந்த வண்டியின் மேல் கவரைப் போட்டு மூடவும் வேண்டாம். காற்றில் கவர் ஆட ஆட அடியில் இருக்கும் மணல் தேய்த்துக்கொண்டே இருக்கும்.