தள்ளுபடி டிக்கெட்டை டிஸ்னி வேர்ல்டில் வருடப் பாஸாக மாற்றினால் மிச்சமாகுமா?

கேள்வி: நாங்கள் காரைக்குடி. மகள் குடும்பம் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துத் தாம்பாவில் இருக்கிறது. இந்த முறை ஆறு மாதம் தங்கப் போகிறோம். டிஸ்னி வேர்ல்டுக்குத் தள்ளுபடியில் டிக்கெட் எடுத்து, அங்கே போனதும் வருடப் பாஸாக மாற்றிக்கொண்டால் நல்ல மிச்சம் என்கிறார் மருமகன். பேரப்பிள்ளைகளுக்கு 2 வயது, 6 வயது. எல்லோருக்கும் மாற்றலாமா?

பதில்:

மருமகன் சொல்வது சரி, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் சரி இல்லை. மகள், மருமகன், ஆறு வயதுப் பிள்ளை மூன்று பேருக்கும் மாற்றலாம். உங்கள் இருவருக்கும் வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இப்போதைக்கு டிக்கெட்டே தேவையில்லை.

நாங்கள் பள்ளத்தூர். எங்கள் மகன் இருப்பது டிஸ்னி வேர்ல்டு இருக்கிற ஆர்லண்டோ பக்கம். பேரன் பேத்தியோடு இந்தப் பார்க்குகளுக்குப் போய்வந்த செலவை எல்லாம் என் வீட்டுக்காரர் ஒரு சிட்டையில் எழுதி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குக் கொடுத்த கடைசிக் கரண்டி வரைக்கும் எழுதி வைக்கிற ஊர் நம்முடையது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிஸ்னி தன் டிக்கெட்டைத் தானும் விற்கிறது, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கள் மூலமும் விற்கிறது. அவர்கள் தங்களுக்குக் கிடைக்கும் லாபத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து விற்பார்கள். இதுதான் தள்ளுபடி டிக்கெட். அது செல்லுபடியாகும் காலம் முடிவதற்குள் பார்க்கில் உள்ள கவுன்ட்டருக்குப் போய் “இதை வருடப் பாஸாக மாற்றித் தாருங்கள்” என்று கேட்கலாம். டிக்கெட்டின் மதிப்பைப் பாஸ் விலையில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வாங்குவார்கள்.

டிக்கெட்டின் மதிப்பு என்று எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுக்கும்போது, வாங்கின அன்றைய பில்லைப் பார்ப்பாரா, இன்றைய ரேட்டைப் போடுவாரா என்று ஆசாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வோம் இல்லையா, அதே கேள்விதான் இங்கேயும். ஒரு எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன். டிஸ்னியே 600 டாலருக்கு விற்கிற 4 நாள் டிக்கெட்டை நீங்கள் வெளியே 550-க்கு வாங்கியிருக்கிறீர்கள், பாஸ் விலை 900 என்று வைத்துக்கொள்வோம். கவுன்ட்டரில் 600 கழித்தால் நீங்கள் கட்டுவது 300. ஆக மொத்தம் 850. ஓர் ஆளுக்கு 50 டாலர் கையில் நிற்கும். 550 மட்டும் கழித்தால் 350 கட்ட வேண்டும். மொத்தம் 900. மிச்சமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இரண்டு விதமாகவும் கழிப்பது உண்டு. அதனால் கார்டை நீட்டுவதற்கு முன்பே, “ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எவ்வளவு கழிக்கிறீர்கள், ஒவ்வொருவருக்கும் மீதி எவ்வளவு?” என்று கேட்டுவிட வேண்டும். எங்கள் மருமகள் அப்படித்தான் செய்தாள். டிக்கெட் கார்டுகளை வரிசையாக வைத்து, கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் பார்க் வரைபடம் ஒன்றை வாங்கி, அதன் ஓரத்திலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே தொகையை எழுதச் சொன்னாள். அந்தப் பெண்ணும் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். பார்த்தால், பேரன் பெயருக்கு நேரே இருந்த தொகை பெரியவர்களுடையதைவிடக் கூடுதல். என் வீட்டுக்காரர் பதறிப்போய் எழுந்தே நின்றுவிட்டார். காரணம் இதுதான்: 3 முதல் 9 வயது வரை சிறுவர் டிக்கெட், விலை கொஞ்சம் குறைவு. பாஸுக்கோ 3 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஒரே விலை. டிக்கெட் குறைந்த விலை என்றால் கழிவும் குறையும், மீதி கூடும். உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இப்படித்தான் வரும், தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்லண்டோ இருக்கிற ஆரஞ்ச் கவுண்டியில் விற்பனை வரி 6.5 சதவீதம். பாஸுக்குப் பெரிதாகப் போட்டிருக்கும் விலையில் அது சேர்ந்திருக்காது. வெளி விற்பனையாளர்கள் பலர் வரியோடு சேர்த்தே விலை சொல்வார்கள். வரி போட்டதையும் போடாததையும் ஒப்பிட்டால் தள்ளுபடி எவ்வளவு என்பதே தப்பாகத் தெரியும்.

என்னைக் கேட்டால், அந்த 50 டாலரைவிடப் பெரிய லாபம் வேறொன்று. பாஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை டிக்கெட்டின் கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போடலாம். 4 நாள் டிக்கெட்டைத் தொடங்கின நாளிலிருந்து 7 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். அந்த ஏழு நாளில் பிள்ளைக்குக் கூட்டம் ஒத்துக்கொள்கிறதா, மகளுக்கு லீவு கிடைக்குமா, அத்தனை தூரம் கார் ஓட்ட மருமகனுக்கு முடிகிறதா எல்லாம் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் மாற்றுங்கள். பிடிக்கவில்லை என்றால் மலிவு விலையில் நான்கு நாள் பார்த்தோம் என்று விட்டுவிடுங்கள். எடுத்த எடுப்பில் பாஸ் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒன்று மட்டும் கவனம்: உபயோகித்த டிக்கெட்டை மாற்றினால், பாஸின் ஒரு வருடம் மாற்றின நாளிலிருந்து தொடங்காது, டிக்கெட்டை முதலில் உபயோகித்த நாளிலிருந்து கணக்காகும்.

இப்போது உங்கள் இருவருக்கும் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். டிஸ்னி வேர்ல்டில் 2021 செப்டம்பரிலிருந்து நான்கு வகைப் பாஸ்: இன்க்ரெடி-பாஸ், சோர்சரர், பைரேட், பிக்ஸி டஸ்ட். இவற்றில் விலை குறைந்த பைரேட், பிக்ஸி டஸ்ட் இரண்டும் ஃபுளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். சோர்சரர் அவர்களுக்கும் டிஸ்னியின் விடுமுறைக் கிளப்பில் உறுப்பினராக இருப்பவர்களுக்கும். முகவரி காட்டும் அடையாள அட்டை கேட்பார்கள். காரைக்குடி முகவரியுள்ள பாஸ்போர்ட்டோடு போகிற நமக்கு இன்க்ரெடி-பாஸ் ஒன்றுதான். 2021-ல் அறிவித்தபோதே பிக்ஸி டஸ்ட் 399 டாலர், இன்க்ரெடி-பாஸ் 1,299 டாலர். பிறகு இரண்டும் ஏறித்தான் இருக்கின்றன. அதோடு, நமக்கு விசிட்டர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் வரைதான் தங்க விடுவார்கள். வருடத்துக்குப் பணம் கட்டிப் பாதியை விட்டுவிட்டு வர வேண்டும். நம் வயதில் வாரத்துக்கு வாரம் அங்கே நடக்கவும் முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலானால் இடியும் மழையும். மழை விட்டதும் வேர்த்துக் கொட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பழகியவர்களுக்கே அந்தப் புழுக்கம் தாங்காது. உங்கள் இருவருக்கும் தள்ளுபடியில் 4 நாள் டிக்கெட் எடுங்கள். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

மகள் குடும்பத்துக்குக் கணக்கே வேறு. தாம்பாவிலிருந்து டிஸ்னி, காரைக்குடியிலிருந்து திருச்சி போவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கார் நிறுத்த மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 30 டாலர் ஆகிறது. பாஸ் இருந்தால் அது இலவசம். காருக்கு ஒரு பாஸ் போதும், எல்லோரிடமும் இருக்க வேண்டியதில்லை. எங்கள் சிட்டையில் பார்க்கிங் என்ற பத்தியை மட்டும் கூட்டிப் பார்த்தபோதுதான் பாஸின் அருமை தெரிந்தது. நீங்களும் நிறைய முறை போகிற உத்தேசம் இல்லை என்றால், மருமகன் ஒருவருக்கு மட்டும் பாஸாக மாற்றுவதுகூட ஒரு வழி.

ஆனால் பிக்ஸி டஸ்ட் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க விடாதீர்கள். அதில் சனி, ஞாயிறும் முக்கிய விடுமுறை நாட்களும் உள்ளே போக முடியாது. மருமகன் திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகிறார், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றால் மலிவான பாஸ் அலமாரியில்தான் தூங்கும். பைரேட்டில் சாதாரண சனி, ஞாயிறு போகலாம், பெரிய விடுமுறைகளில்தான் தடை. டிஸ்னி வெளியிடுகிற தடை நாள் காலண்டரையும் பள்ளிக்கூட லீவு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வகையை முடிவு செய்யட்டும். விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

எந்த நாள், எந்தப் பார்க் என்று முன்பதிவும் உண்டு. தேதி போட்ட டிக்கெட்டுக்கு 2024 ஜனவரியிலிருந்து அது தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். பாஸ்காரர்களுக்கு இன்னும் இருக்கிறது. அவர்களே அறிவிக்கிற சில நாட்களில் வேண்டாம். மற்ற நாட்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் போனால் வேண்டாம், சனி ஞாயிறு மேஜிக் கிங்டம் தவிர. தாம்பாவிலிருந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்பதால் உங்கள் மகளுக்கு இது பெரிய தொந்தரவாக இருக்காது.

ஃபுளோரிடாக்காரர்களுக்கு முதலில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு மீதியை மாதத் தவணையாகக் கட்டவும் விடுகிறார்கள், வட்டி கிடையாது. வட்டியில்லாத் தவணையை விட்டுவிட்டு மொத்தமாகக் கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நடுவில் நிறுத்த முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பணம் கட்டுவதைப் பற்றி இன்னொன்று. ஆசையாகப் பேரப்பிள்ளைகளுக்கு நாமே வாங்கிக் கொடுப்போம் என்று இங்கிருந்து கொண்டுபோகிற கார்டைத் தேய்க்காதீர்கள். நம் ஊர் கிரெடிட் கார்டு பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள், அதற்குமேல் ஜிஎஸ்டி வேறு. டிக்கெட்டில் கிடைத்த தள்ளுபடியில் பாதி அதிலேயே போய்விடும். மகள் கார்டில் கட்டச் சொல்லிவிட்டு, கொடுக்க நினைத்ததை அவள் கணக்கில் போட்டுவிடுங்கள்.

பாதி உபயோகித்த டிக்கெட்டை அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்று இணையத்தில் விற்பவர்கள் உண்டு. தொடவே தொடாதீர்கள். டிஸ்னி டிக்கெட் ஒருவருக்குரியது, இன்னொருவர் பயன்படுத்த முடியாது. வாசலில் விரலை வைக்கச் சொல்லும்போது மாட்டிக்கொள்வோம், பணமும் திரும்ப வராது. டிஸ்னியின் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று பார்த்து வாங்கினால்தான் கவுன்ட்டரில் மாற்றவும் முடியும்.

டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை உள்ளே சாப்பாட்டில் விட்டுவிடாமல் இருப்பதும் முக்கியம். டிஸ்னி பார்க்குகளுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடுபண்ண வேண்டிய சாப்பாடும் கூடாது. நாங்கள் புளியோதரை, தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொண்டு போவோம். ஊரிலிருந்து டின்னில் கொண்டுபோன மணகோலமும் சீப்புச் சீடையும் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் கையில் இருந்தால் அழுகையே கிடையாது. வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலர், தேன்குழலைக் கையில் எடுத்து இது என்னவென்று கேட்டார். பேத்தி விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து பேர் இரண்டு வேளை உள்ளே வாங்கிச் சாப்பிடுகிற செலவு, தள்ளுபடி டிக்கெட்டில் மிச்சமானதை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

குட்டிப் பிள்ளைக்கு எப்போது மூன்று வயது நிரம்புகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் அங்கே இருக்கும்போது நிரம்புகிறது என்றால், குடும்பமாகப் போகிற நாட்களைப் பிறந்தநாளுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். 3 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். மூன்று முடிந்துவிட்டால் பாஸில் அதுவும் பெரியவர் விலைதான்.

கடைசி நாள் மாலை வரைக்கும் காத்திருந்து மாற்றப் போகாதீர்கள். பார்க் மூடுகிற நேரத்தில் அந்த வரிசை மிக நீளம். டிக்கெட்டின் மூன்றாவது நாளே, காலையில் உள்ளே போனதும் முதல் வேலையாகக் கவுன்ட்டரை முடித்துவிடுங்கள். மகளும் மருமகனும் ஃபுளோரிடா ஓட்டுநர் உரிமத்தைக் கையில் எடுத்துப் போகட்டும். டிக்கெட் வாங்கின ரசீது மின்னஞ்சலைப் போனில் திறந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.