வளர்ச்சியும் மேல்மாலாவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொருளாதாரம் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் ஒரு புலம்பல் வந்துவிடுகிறது. பணக்காரர்கள் என்றாலே உங்களுக்கு ஆகாது போல. என் அப்பா 1968-ல் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் பவாயில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். முலுண்டில் சொந்த ஃப்ளாட். 1991-ல் பொருளாதாரத்தின் கதவைத் திறந்துவிடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? தாராவியில் எங்கள் பழைய வீட்டில் கீழே அண்ணன், மேல்மாலாவில், அதாவது ஏணி ஏறிப் போகும் மேல்தளத்தில், சித்தப்பா குடும்பம். இப்போது அங்கேயும் பெரிய கட்டடம் வரப்போகிறது. பெரிய முதலாளிகள் இறங்கினால்தானே இதெல்லாம் ஆகும்? பணம் சேர்ப்பது குற்றமா?

(பெயர் வேண்டாம்)
முலுண்ட், மும்பை

அன்புள்ள நண்பருக்கு,

குற்றமில்லை. உங்கள் அப்பா தோல் நாற்றத்தில் நின்று பிள்ளைகளை ஆளாக்கியதையும், நீங்கள் அங்கிருந்து முலுண்டுக்கு வந்ததையும் வளர்ச்சி என்றுதான் நானும் சொல்வேன். டெலிபோனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை நான். 1991-க்கு முந்தைய காலத்துக்காக ஏங்குகிறவன் இல்லை.

ஆனால் பேப்பரில் வருகிற வளர்ச்சி விகிதம் வேறு சமாச்சாரம். செம்பூரில் எங்கள் சொசைட்டிக்கு மே மாதமானால் டேங்கர் வரும். காலை ஐந்தரைக்கு வாட்ச்மேன் பைப்பை இழுத்துச் சம்ப்பில் போடுவார், கமிட்டிக்காரர் ஒருவர் லுங்கியோடு நின்று ட்ரிப் எண்ணுவார். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்திருந்தால் செலவாகியிருக்காத பணம் அது. வளர்ச்சி விகிதத்துக்கு அடிப்படையான ஜிடிபி என்கிற நாட்டு உற்பத்திக் கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டேங்கருக்குக் கொடுத்ததும் வரவில்தான் ஏறும். தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு 1934-ல் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ், இதை வைத்து ஒரு நாட்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிட முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எழுதினார். கணக்கை எடுத்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

பங்கு எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். பாரிஸிலுள்ள உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-23-ல் இந்தியாவில் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்தன. சரி, இருக்கட்டும் என்பீர்கள். அவர் திறமை, அவர் பணம். எனக்கும் அடுத்தவர் பங்களாவைப் பார்த்து வயிறு எரிவதில்லை. அந்தப் பணம் சட்டப் புத்தகத்தைத் தொடும்போதுதான் எரிகிறது.

லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மாலுக்குப் போயிருப்பீர்கள். பழைய மில்லின் புகைபோக்கி இன்னும் அங்கே நிற்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் துணி மில்தான், கிரண்காவ், அதாவது மில் கிராமம் என்பார்கள். 1982 ஜனவரி 18-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மில் தொழிலாளர் ஸ்டிரைக் ஆரம்பித்தபோது வெளியே வந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். அந்த ஸ்டிரைக் முறைப்படி இன்றுவரை வாபஸ் ஆகவில்லை. ஆட்கள் போனார்கள், நகரத்தின் நட்டநடுவே சுமார் 600 ஏக்கர் நிலம் நின்றது. நீங்கள் சொல்லும் அதே 1991-ல் அதற்கென்று நகரின் கட்டட விதிகளில் ஒரு விதி வந்தது, 58-ஆம் எண் விதி. மில் நிலத்தில் வேறு ஏதாவது கட்டுவதானால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைதானம், பூங்காவுக்காக மாநகராட்சிக்கு. இன்னொரு பங்கு குறைந்த விலை வீடுகளுக்காக ம்ஹாடா என்கிற மாநில வீட்டுவசதி அமைப்புக்கு. மிச்சம் முதலாளிக்கு. நியாயமான பாகப்பிரிவினை, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

2001-ல் அதைத் திருத்தினார்கள். ரத்து செய்யவில்லை, கவனியுங்கள். பங்கு பிரிப்பது மொத்த நிலத்தில் இல்லை, காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும் என்று மாற்றினார்கள், அவ்வளவுதான். மில் என்றால் முழுக்க ஷெட்டும் குடோனும் தறிக்கூடமும். காலி இடம் எவ்வளவு தேறும்? மும்பை உயர் நீதிமன்றம் 2005-ல் பழைய கணக்கின் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. பூங்காவாகவும் சின்ன வீடுகளாகவும் ஆகியிருக்க வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி டவரும் மாலுமாக எழுந்தது. அந்த வருடங்களின் வளர்ச்சிக் கணக்கில் அந்த சிமெண்டும் கம்பியும் இருக்கின்றன, வராமல் போன மைதானம் எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த மாதிரித் திருத்தங்களுக்குப் பின்னால் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்கு வம்பு பேசத் தெரியாது. ஆனால் கொடுப்பதைச் சட்டமே மறைத்துவைத்த காலம் ஒன்று இருந்தது. முன்பு ஒரு கம்பெனி தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க முடியாது. 2017-ல் அந்த வரம்பை எடுத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம் என்றானது. மறு வருடம் தேர்தல் பத்திரம் வந்தது, வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் பத்திரம். கொடுத்தவர் பெயர் ஓட்டுப்போடுகிற உங்களுக்கும் எனக்கும் தெரியக்கூடாது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்கிறவரை இதுதான் நடந்தது. நஷ்டக் கம்பெனி நன்கொடை கொடுக்குமா? என் மளிகைக்கடைக்காரர் நஷ்டத்தில் இருந்தால் எனக்குத் தீபாவளி காலண்டர்கூடத் தரமாட்டார்.

தாராவிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இடம் அதுதான். 2022-ல் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தை அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு டெண்டர் எடுத்தது. திட்டக் கம்பெனியில் அவர்களுக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. அந்த வருடம் மார்ச்சிலேயே மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்திருந்ததால், தாராவிக்காரர் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர்கூடப் பதவியில் இல்லை. அடுத்த தேர்தலுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. விதி இப்படி இருக்கிறது: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். மேல்மாலாவில் இருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகைக்கோ தவணைக்கோ.

உங்கள் அண்ணனும் சித்தப்பாவும் ஒரே இரும்பு ஏணியைப் புழங்குகிறவர்கள். ஒரே மழையில் ஒழுகுகிற வீடு. ஏணியின் எந்தப் பக்கம் படுக்கிறோம் என்பதுதான் இப்போது அவர்களைப் பிரிக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பேசிய மேஜையில் சித்தப்பா இல்லை. பேச்சின் எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கோ ஒவ்வொரு சதுர அடியும் கணக்கு.

சர்வேக்காரர்கள் வந்துபோன வீடுகளில் எண் எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் மேல்மாலாவுக்குத் தனி எண் இருக்கிறதா, சித்தப்பாவிடம் என்னென்ன காகிதம் கேட்டார்கள், மின்சார பில் யார் பெயரில் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.